பல்லை விழவைப்பது யார்?

தீவிர ஈறு நோயில் கிருமி தொடங்கிவைக்கிறது. எலும்பைக் கரைக்கும் வேலையை நம் உடல் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் இரசாயனச் செய்திகள் செய்கின்றன. அந்தச் செய்திகளை ஆய்வாளர்கள் படித்தறிந்த கதையில் மலையகத் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

1970ஆம் ஆண்டு. இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு பல் மருத்துவ ஆய்வுக் குழு வந்தது. தலைமை தாங்கியவர் ஹரால்ட் லோ, நார்வே நாட்டவர். தோட்டத்தில் வேலை செய்த 480 ஆண்களின் வாயைத் திறந்து பார்த்து, ஈறு பல்லை எவ்வளவு இறுகப் பற்றியிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டார்கள். தமிழ்த் தொழிலாளர்கள். பதின்ம வயதுப் பையன்கள் முதல் முப்பதைத் தொட்டவர்கள் வரை அதில் இருந்தார்கள். பிரஷ், பற்பசை என்ற வழக்கமே அவர்களிடம் இல்லை. பல் மருத்துவரை அவர்கள் பார்த்ததும் இல்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம்: யாரும் குறுக்கிடாமல் விட்டால் ஈறு நோய் எப்படி வளரும் என்று குழு பார்க்க விரும்பியது. ஒப்பிடுவதற்கு ஆஸ்லோ நகரத்தில், சிறுவயது முதலே பல் மருத்துவம் கிடைத்துவந்த 565 மாணவர்களும் கல்வியாளர்களும் இருந்தார்கள்.

பதினைந்து ஆண்டுகள் அந்தக் குழு திரும்பத் திரும்ப வந்தது. 1985இல் கடைசியாக அளந்தபோது பழைய ஆட்களில் 161 பேர் மிஞ்சியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1986இல் முடிவுகள் வெளியாகின.

எல்லார் பல்லிலும் படலம் படிந்திருந்தது, காரை ஏறியிருந்தது. கிட்டத்தட்ட எல்லார் ஈறும் வீங்கிச் சிவந்திருந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் அழிவு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் ஓடியது. 35 வயதில் அவர்களுடைய பற்கள் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தன. 45 வயதில் 13 மில்லிமீட்டர். பெரும்பாலான பற்களின் வேரே 12 முதல் 17 மில்லிமீட்டர்தான் என்றால், அந்தப் பல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? 81 சதவீதம் பேருக்கு நோய் மெல்ல நகர்ந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி. 35 வயதில் ஒரு மில்லிமீட்டர்கூட அவர்கள் இழந்திருக்கவில்லை.

ஒரே தோட்ட வாழ்க்கை, ஒரே மாதிரி உணவு, ஒரே அளவு அழுக்கு. ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் வாய் காலி. இன்னொருவருக்கு எலும்பு அசையவில்லை.

அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. ஆய்வு நெறிப்படி அது சரி. ஆனால் உலகத்தின் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியிலும் ஈறு நோயின் இயல்பான போக்கு என்று நடத்தப்படும் பாடம் அவர்களுடைய வாயிலிருந்து எழுதப்பட்டது. மருத்துவம் எட்டாத வாழ்க்கை வாழ்ந்ததுதான் அந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை. 2010இல், நாற்பது ஆண்டு கழித்து, வேறொரு குழு மறுபடி போய் அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து அளந்தது. அப்போதும் அவர்களிடம் அறிவியல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மலையகத்துக்குப் பல் மருத்துவம் இந்தக் கணக்கில் கடன்பட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

லோவின் முந்தைய ஆய்வு ஒன்று இதைவிடப் பெயர்போனது. 1965இல், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் வீக்கம் வடிந்தது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல் படலத்தில் வாழும் கிருமிக் கூட்டமே என்பதை அந்த ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. அதே மனிதர் நடத்திய தோட்டத்து ஆய்வுதான் அடுத்த கேள்வியை எழுப்பியது. வீக்கத்துக்குக் கிருமி காரணம் என்றால், எலும்பு கரைவதற்கு யார் காரணம்?

வாசலில் காவல்

மனித உடம்பில் தோலைத் துளைத்துக்கொண்டு கடினமான பொருள் ஒன்று வெளியே நிற்கும் இடம் பல் மட்டுமே. அந்தத் துளையின் ஓரம் முழுவதும் ஈறு பல்லோடு ஒட்டி அடைத்திருக்கிறது. வெளியே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள், உள்ளே இரத்தமும் எலும்பும். அதனால் அங்கே எந்நேரமும் காவல் இருக்கிறது. ஈறு முழு நலத்தோடு இருக்கும்போதுகூட நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்கள் இரத்தக் குழாயிலிருந்து இறங்கி, ஈறின் வழியே ஊர்ந்து, பல்லோரத்து இடுக்கில் வந்து நிற்கின்றன.

அந்த இடுக்கில் ஒரு திரவம் கசிகிறது. 1958இல் ஸ்வீடனில் பிரில், கிராஸே என்ற இருவர் நாய்களுக்கு ஒளிரும் சாயம் ஒன்றைச் செலுத்திவிட்டு, ஈறோரத்தில் சிறிய வடிதாளை வைத்துப் பார்த்தார்கள். சாயம் தாளில் வந்தது. இரத்தத்தில் ஓடுவது ஈறின் வழியாக வாய்க்குள் கசிகிறது என்பதற்கு அது சாட்சி. இன்றும் ஆய்வாளர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். மெல்லிய காகிதக் கீற்றை இடுக்கில் அரை நிமிடம் வைத்து எடுத்தால், மைக்ரோலிட்டர் கணக்கில் திரவம் ஊறியிருக்கும். ஈறுக்குள் செல்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்பது அந்தத் துளியில் பதிந்திருக்கிறது.

அந்தப் பேச்சுக்கு உதவும் மூலக்கூறுகளைச் சைட்டோகைன்கள் என்கிறார்கள். செல்கள் சுரக்கும் சிறிய புரதங்கள் அவை. ஒரு செல் சுரக்க, பக்கத்துச் செல் தன் மேற்பரப்பில் அதைப் பெற்றுக்கொண்டு அதன்படி நடக்கும். கிருமியின் மேலுறையில் இருக்கும் நச்சுக் கொழுப்பு ஈறுச் செல்லில் பட்டதும் முதலில் வெளியேறுவது இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்புகள். நியூட்ரோஃபில்களைக் கூட்டமாக வரவழைப்பவை. கூடவே இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6. இரத்தக் குழாய் விரிகிறது, ஈறு சிவக்கிறது, துலக்கும்போது இரத்தம் வருகிறது. வந்த நியூட்ரோஃபில்கள் கிருமியைத் தாக்க வெளியிடும் நொதிகளில் ஒன்றான எம்எம்பி-8, ஈறைப் பல்லோடு கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நார்களையும் சேர்த்து அறுக்கிறது.

படலத்தைத் துலக்கி எடுத்துவிட்டால் இந்தச் செய்திகள் குறையும். இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் மூலக்கூறுகள் மேலோங்கும். நார்கள் மறுபடி நெய்யப்படும். ஆர்ஹுஸில் பன்னிரண்டு பேருக்கும் நடந்தது இதுதான். எடுக்காமல் விட்டால், அடுத்த அணி வருகிறது: டி செல்கள், பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள். வீக்கம் ஈறின் விளிம்பிலிருந்து கீழிறங்கி எலும்பை நெருங்குகிறது. அங்கிருந்துதான் திரும்ப முடியாத பகுதி தொடங்குகிறது.

எலும்பைக் கரைத்த சாறு

1972இல் சயன்ஸ் இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. ஹார்ட்டன், ரெய்ஸ், சிம்மன்ஸ், ஓப்பன்ஹைம், மெர்கன்ஹேகன் என்ற ஐவர் எழுதியது. மனித இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். அவற்றைத் தூண்டுவதற்கு அவர்கள் சேர்த்த பொருள்களில் ஒன்று, மனிதப் பல் படலத்திலிருந்து எடுத்தது. பிறகு செல்களை நீக்கிவிட்டு, அவை மிதந்திருந்த சாற்றை மட்டும் எடுத்து, கதிரியக்கக் கால்சியம் ஏற்றிய எலிக்கருவின் எலும்பு மீது விட்டார்கள். எலும்பு கரைந்து கால்சியம் வெளியேறியது.

கிண்ணத்தில் அப்போது கிருமி இல்லை. வெள்ளையணுவும் இல்லை. வெள்ளையணு விட்டுச் சென்ற ஏதோ ஒரு மூலக்கூறு மட்டுமே இருந்தது. எலும்பைக் கரைக்கும் செல்லான ஆஸ்டியோகிளாஸ்ட்டை எழுப்பும் காரணி என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1985இல் அதைத் தூய்மையாகப் பிரித்து, புரதத்தின் வரிசையைப் படித்தபோது, காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குவதாக மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் அதுவும் ஒன்றே என்று தெரியவந்தது. நோய்த்தடுப்பு ஆய்வும் எலும்பு ஆய்வும் சந்தித்துக்கொண்ட இடங்களில் இது முக்கியமானது. அந்தச் சந்திப்புக்குப் பல் அழுக்கு ஒரு காரணமாக இருந்தது என்பதைப் பல் மருத்துவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இன்டர்லூக்கின்-1 எலும்பை நேரடியாகத் தின்பதில்லை, கட்டளையைக் கடத்துகிறது. கடைசிக் கட்டளை எது என்பது 1997க்கும் 1998க்கும் இடையில் விளங்கியது. ராங்க்எல் என்ற மூலக்கூறு ஆஸ்டியோகிளாஸ்ட்டின் முன்னோடிச் செல்களில் போய்ச் சேர்ந்தால், அவை ஒன்றோடொன்று இணைந்து எலும்பைக் கரைக்கும் பெரிய செல்லாகின்றன. ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற இன்னொரு மூலக்கூறு குறுக்கே வந்து ராங்க்எல்லைப் பிடித்துக்கொண்டால், கட்டளை போய்ச் சேராது. நலமான எலும்பில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. தீவிர ஈறு நோயில் ராங்க்எல் பக்கம் தராசு சாய்ந்துவிடுகிறது. அதைச் சாய்ப்பவை பெரும்பாலும் ஈறில் குவிந்த டி செல்களும் பி செல்களும். 2000இல் ஜோசஃப் பெனிங்கர் உள்ளிட்ட கனடா நாட்டு ஆய்வாளர்கள், மனித வெள்ளையணுக்களை ஏற்றிய சுண்டெலிகளுக்கு ஈறு நோய்க் கிருமி ஒன்றைக் கொடுத்து, ராங்க்எல்லைத் தடுத்தபோது எலும்பு காப்பாற்றப்பட்டதைக் காட்டினார்கள். 1998இல் பாஸ்டன் குழு ஒன்று இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் இரண்டையும் தடுக்கும் மருந்தைக் குரங்குகளின் ஈறில் செலுத்தியது. அங்கும் கிருமி இருந்தது. எலும்பு இழப்போ பெரிதும் குறைந்தது.

இப்போது தேயிலைத் தோட்டத்துக் கேள்விக்கு ஒரு விடை தென்படுகிறது. கிருமி எல்லாருக்கும் இருந்தது. அதற்கு உடல் கொடுத்த பதில் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. பதிலை நிறுத்தத் தெரியாத உடல்கள் தம் எலும்பையே இழந்தன.

இதைக் கேட்டுவிட்டு எல்லாம் மரபணுவின் விதி என்று முடிவுகட்டுவதும் தவறு. 1997இல் இன்டர்லூக்கின்-1 மரபணுவின் ஒரு வகைக்கும் தீவிர ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னதும், அதற்கென்று சோதனைகூட விற்பனைக்கு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே மரபணுவை வைத்து ஒருவருடைய பல்லின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. கிருமியை விட்டுவிடவும் முடியாது: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறு நோய்க் கிருமி, வேறு எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளில் எலும்பு இழப்பை உண்டாக்கவில்லை; ஆனால் சாதாரணச் சுண்டெலிகளில், மிகச் சிறிய அளவில் இருந்தே, மற்றக் கிருமிகளின் கூட்டத்தை மாற்றியமைத்து நோயை உண்டாக்கியது. 2011இல் வெளியான ஆய்வு இது.

காவலே இல்லாதவர்களின் ஈறு

மிக அரிதாக, சில குழந்தைகள் ஒரு மரபணுக் குறையோடு பிறக்கின்றன. அவர்களுடைய நியூட்ரோஃபில்களால் இரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாது. இரத்தத்தில் அவை ஏராளம். ஈறில் கிட்டத்தட்ட ஒன்றுகூட இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பற்கள் இளவயதிலேயே ஆடி விழுகின்றன. காவல் இல்லாததால் கிருமி தின்றுவிட்டது என்றுதான் பல ஆண்டுகளாக மருத்துவப் புத்தகங்கள் சொல்லிவந்தன. கேட்டால் நியாயமாகவே தோன்றும். ஆனால் கிருமிக்கொல்லியும் சுத்தம் செய்வதும் அவர்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கி மௌட்சோபௌலோஸும், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸும் 2014இல் வேறொன்றைக் காட்டினார்கள். வழக்கமாக ஈறுக்கு வந்து சேரும் நியூட்ரோஃபில்கள், போதும் என்ற செய்தியையும் கொண்டுவருகின்றன. அவை வராதபோது இன்டர்லூக்கின்-23, அது தூண்டும் இன்டர்லூக்கின்-17 இரண்டும் கட்டுக்கடங்காமல் சுரக்கின்றன. எலும்பைக் கரைத்தது அந்தச் சுரப்புதான். இதே குறையுள்ள சுண்டெலிகளின் ஈறில் இந்த மூலக்கூறுகளைத் தடுத்தபோது எலும்பு இழப்பு நின்றது. கிருமிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தினால் கிருமி பெருக வேண்டும் அல்லவா? குறைந்தது. ஏனென்றால், ஈறு நோய்க் கிருமிகள் பல, வீக்கத்தில் சிதையும் திசுவின் புரதத்தையும் இரத்தத்தின் இரும்பையும் உண்டு வாழ்பவை. வீக்கம் அடங்கினால் அவற்றுக்கு இரை இல்லை.

2017இல் அதே குழு இந்தக் குறையுள்ள ஒரு நோயாளிக்கு, இன்டர்லூக்கின்-12ஐயும் 23ஐயும் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்தைக் கொடுத்தது. தோல் நோய்க்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த மருந்து அது. ஈறு வீக்கம் அடங்கியது. நெடுநாளாக ஆறாமல் இருந்த கீழ்முதுகுப் புண்ணும் ஆறியது. இந்தத் துறையில் நான் வாசித்தவற்றில் மனத்தை மிகவும் நிமிரவைத்த செய்தி இதுவே.

அப்படியானால் எல்லாருக்கும் இப்படி ஊசி போட்டுவிடலாமே? கூடாது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்துகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை; காசநோய் இத்தனை பேருக்கு இருக்கும் இந்தியா போன்ற நாட்டில் இது சிறிய விஷயம் இல்லை. ராங்க்எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் எலும்புத் தேய்வுக்கு 2010 முதல் பயன்படுகிறது. அதை எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தாடையெலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. பல்லைக் காப்பாற்றப் போய்த் தாடையை இழக்க முடியாது. ஒரு மூலக்கூறைத் தடுத்தால் உடம்பு முழுவதும் அதன் வேலை நிற்கும் என்பதுதான் சிக்கல். ஈறில் மட்டும் செலுத்தும் மருந்துகளைத் தேடும் முயற்சி நடக்கிறது. அமி-101 என்ற மருந்தை ஈறிலேயே ஊசியாகச் செலுத்தி வீக்கத்தைக் குறைத்த இரண்டாம் கட்ட ஆய்வு 2021இல் வெளியானது. அது இன்னும் நம் கைக்கு வரவில்லை.

ஏற்கெனவே கைக்கு வந்த ஒன்று உண்டு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 20 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தால் அது கிருமியைக் கொல்லாது. கொலாஜனை அறுக்கும் நொதியை மட்டும் தடுக்கும். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கைச் சேர்ந்த லோர்ன் கோலப் இதற்கு வழிகாட்டினார். 1998இல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆழமாகச் சுத்தம் செய்வதோடு சேர்த்துத் தரும்போது ஓரளவு கூடுதல் பலன் உண்டு. தனியாக அது சிகிச்சை ஆகாது.

சர்க்கரைக்கும் ஈறுக்கும்

இந்தக் கதை நமக்கு மிக நெருங்கி வரும் இடம் சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக நீடித்தால் புரதங்களின் மேல் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதங்கள் செல்களின் ஓர் ஏற்பியில் பட்டதும் இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் சுரப்பு கூடுகிறது. கிருமி அதே அளவு இருந்தாலும் பதில் பெரிதாகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது: ஈறிலிருந்து இரத்தத்தில் கலக்கும் டிஎன்எஃப்பும் இன்டர்லூக்கின்-6உம் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில், சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 0.4 புள்ளி குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு உறுதிசெய்தது. ஒரு மாத்திரை கூடுதலாகப் போடுவதால் கிடைக்கும் பலனோடு வைத்து எண்ண வேண்டிய குறைவு அது.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி என்று 2023இல் கணக்கிட்டது சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு. தீவிர ஈறு நோய் உலகில் 100 கோடிப் பேருக்கு மேல் இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் நோய்கள். அப்படியிருந்தும் சர்க்கரைக்காகப் போகிறவரின் பாதத்தையும் கண்ணையும் பார்க்கச் சொல்லும் அளவுக்கு, ஈறைப் பார்க்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. இது மாறியாக வேண்டும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா?

நம் ஊரில் ஈறு நோயை வளர்க்கும் இன்னொன்று, காரையை எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் தேயும், ஆடும் என்ற நம்பிக்கை. அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. எலும்பு கரைந்த பற்களைச் சுற்றி வருடக்கணக்கில் ஏறிய காரை, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்தாற்போல் பிடித்திருக்கும். வீங்கிய ஈறு இடைவெளியை மூடியிருக்கும். காரையை எடுத்து, வீக்கம் வடிந்ததும், உண்மை நிலை தெரிகிறது. ஆட்டம் முன்பே இருந்தது. இதைச் சிகிச்சைக்கு முன்னாலேயே நோயாளிக்குப் புரியும்படி சொல்லாத மருத்துவர்களுக்கும் இந்த நம்பிக்கை பரவியதில் பங்கு உண்டு.

இத்தனை மூலக்கூறுகளைக் கண்டுபிடித்த பிறகும், இன்று நம்மிடம் இருப்பவற்றில் சிறந்த சைட்டோகைன் மருந்து அந்த ஸ்கேலிங்தான். ஈறுக்குக் கீழே வேர்வரை சுத்தம் செய்தபின் காகிதக் கீற்றால் எடுத்துப் பார்த்தால் இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் எம்எம்பி-8உம் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. தூண்டுதல் நின்றால் செய்தியும் நிற்கிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. இருப்பதைக் காக்கலாம். ஆனால் ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை இல்லை இது. தீவிர நோய் வந்தவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். அவர்களுடைய உடல் மறுபடி அதே வேகத்தில் பதில் சொல்லக்கூடியது.

புகைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. புகை ஈறின் இரத்தக் குழாய்களை இறுக்குவதால் உங்களுக்கு இரத்தக் கசிவு தெரியாமல் போகும். இரத்தம் வரவில்லை என்பதை வைத்து ஈறு நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

பயோரியா எனப்படும் தீவிர ஈறு நோய் வந்தவரை வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவர் என்று பேசும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். ஒழுங்காகத் துலக்கியும் பல்லை இழப்பவர்கள் இருக்கிறார்கள். அவமானத்துக்கு அஞ்சி, ஆட்டம் கண்ட பிறகே அவர்கள் மருத்துவரிடம் வருகிறார்கள். அப்போது எலும்பில் பாதி போயிருக்கும்.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது, சொத்தையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். ஈறோர இடுக்கின் ஆழத்தை அளந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். மெல்லிய அளவுகோல் கொண்டு பார்க்கச் சில நிமிடம் போதும். மூன்று மில்லிமீட்டர் வரை நலம். அதற்கு மேல் போனால், குறிப்பாக ஐந்தைத் தொட்டால், ஈறு நோய்க்கான தனிப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. சர்க்கரை இருந்தால் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈறில் இரத்தம் வந்தால் அதைச் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் பெற்றோரில் யாராவது ஐம்பது வயதுக்குள் பற்களை இழந்திருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த வாரமே போய் அளந்துகொள்ளுங்கள்.